அளந்துவிட்டு மெஷினைத் தொடுங்கள்

சேக்காட்டிலும் அதைச் சுற்றி சி.டி.எச். ரோடு நெடுகவும் கார் வாஷ், பாலிஷ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அந்தக் கடைகளில் மெஷின் பிடிக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்குகிறது. இனி உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாருக்கும் பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும். அந்த நெரிசல் தொடங்குவதற்கு முன்பே இதை உங்கள் காதில் போட்டுவிட நினைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் தப்பு அந்த நாட்களில்தான் அதிகம் நடக்கிறது.

எங்கள் வண்டிகளின் பெயின்டை நீங்கள் கணக்கில்லாமல் தேய்க்கிறீர்கள். தேய்த்ததும் வரும் பளபளப்பைப் பார்த்து நாங்களும் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். எவ்வளவு போயிற்று, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களிடமும் கணக்கில்லை, எங்களிடமும் இல்லை.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு வண்டி வாங்கினேன். விற்பதற்கு முன் யாரோ, எந்தக் கடையிலோ, நன்றாக பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முகம் பார்க்கலாம் போல இருந்தது. சில வாட்டர் வாஷுக்குப் பிறகு, ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்தியபோது பானெட் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தன. ரோட்டரி மெஷினில் வூல் பேடைப் போட்டு ஓட்டிய தடம் அது. அதுவரை எண்ணெயும் சிலிகானும் அதை மூடி வைத்திருந்தன. இன்னொரு கடைக்குப் போனேன். "ஒரு காம்பவுண்ட் அடிச்சா போயிடும் சார்" என்றார்கள், அடித்தார்கள், போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் திரும்ப வந்தது. இப்போது கூரையில் கிளியர் கோட் செதில் செதிலாக உரிகிறது. அதற்கு எந்த பாலிஷும் மருந்து கிடையாது, மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். இந்த வண்டியைத் தொட்ட ஒருவர்கூட அதன் பெயின்டை அளந்து பார்த்ததில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டிங் செக்‌ஷனில் பல வருஷம் நின்றவன். தேய்ப்பதுதான் என் தொழிலும். அதனால் உங்கள் வேலையைக் குறைவாக நினைத்து எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். கல் வைத்துத் தேய்ப்பவனும் பேடு வைத்துத் தேய்ப்பவனும் செய்வது ஒரே காரியம், மேலே இருக்கும் ஒரு படலத்தை எடுப்பது. எங்களுக்கு மேலே மைக்ரோமீட்டரோடு ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். உங்களுக்கு மேலே யாரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

நீங்கள் தேய்க்கும் பொருளின் அளவைச் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட். இவை நான்கும் சேர்ந்தே பெரும்பாலான வண்டிகளில் 100-லிருந்து 140 மைக்ரானுக்குள்தான். அதைவிடக் குறைந்த வண்டிகளும் உண்டு. அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70. லேத்தில் நின்ற பழைய ஆட்களின் கணக்கில் சொன்னால் ஒரு தவ் என்பது 25 மைக்ரான், கிளியர் கோட் மொத்தமே ஒன்றரை தவ். அந்த ஒன்றரை தவ்வையும் முழுதாகச் செலவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. சென்னை வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. கால்வாசி போனாலே மீதிக்கு வெயிலில் ஆயுள் குறைந்துவிடும். ஒரு கனமான காம்பவுண்டில் சில மைக்ரான் போகும். ஈர எமரி பேப்பர் போட்டால் இன்னும் அதிகம். வருஷத்துக்கு இரண்டு தடவை "ஃபுல் பாலிஷ்" என்று விற்கும் கடை எத்தனை வருஷத்துக்கு இந்த இருப்பை ஓட்ட முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்த ஊருக்கு மைக்ரான் புதிதா? நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அன்றிலிருந்து இங்கே வீட்டுக்கு வீடு ஃபிட்டர், டர்னர், கிரைண்டர், இன்ஸ்பெக்டர். உங்களில் பல பேருடைய அப்பாவோ தாத்தாவோ சட்டைப்பையில் ஆறங்குல எஃகு ஸ்கேலை வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனவர்தான். ஜாப் கார்டில் அளவு எழுதாமல் ஒரு துண்டு இரும்பு அடுத்த மெஷினுக்கு நகராத ஊரில், பல லட்ச ரூபாய் வண்டியை வெறும் கண்ணை நம்பித் தேய்க்கிறோம் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெயின்டின் கனம் அளக்கும் கேஜ் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. உங்கள் மெஷின் விலையைவிட அது பெரிய செலவாக இராது. இரும்புத் தகட்டிலும் அலுமினியத்திலும் அது மொத்தக் கனத்தைச் சொல்லும். கிளியர் கோட்டை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லாது, பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. ஆனாலும் அது சொல்லும் செய்தி போதும். கூரையில் 115, பானெட்டில் 110, ஒரு கதவில் மட்டும் 260 என்று வந்தால் அந்தக் கதவு ரீபெயின்ட். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. ஒரு மூலையில் 80-க்குக் கீழே காட்டினால் அங்கே ஏற்கெனவே ஒருவர் ஆசை தீரத் தேய்த்திருக்கலாம், அந்த இடத்தில் காம்பவுண்டை எடுக்கவே கூடாது. இந்த மூன்று செய்தியும் தெரியாமல் மெஷினை ஓட்டுவது குருட்டு வேலை.

ரீபெயின்ட் கதவு ஏன் முக்கியம் தெரியுமா? தொழிற்சாலையில் பெயின்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். நம் ரோட்டோர டிங்கரிங் ஷெட்டில் அது காற்றில் காய்கிறது, மிஞ்சிப்போனால் 60 டிகிரி சூடு. அதனால் பல நேரம் அந்தப் பெயின்ட் மென்மையாக இருக்கும். ஒரே வண்டியில் ஒரே பேடு, ஒரே காம்பவுண்ட், ஒரே வேகம் வைத்தாலும் பானெட்டில் அழகாக வரும், அந்தக் கதவில் தடம் விழும். பழைய சாலிட் வெள்ளை வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. பேடில் வெள்ளை ஏறினால் நீங்கள் தேய்ப்பது நிறத்தையேதான் என்று அர்த்தம். மேட் ஃபினிஷில் வரும் வண்டிகளை மெஷினால் தொடவே கூடாது. ஒரு தடவை பளபளத்தால் பளபளத்ததுதான், மேட் திரும்பி வராது.

ஆகவே முதலில் ஒரு சோதனைக் கட்டம் போடுங்கள். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே மென்மையான பேடையும் மென்மையான பாலிஷையும் வைத்துத் தொடங்குங்கள். போதவில்லை என்றால் பாலிஷை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் பேடை மாற்றுங்கள். பல கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. வண்டி வந்ததும் வூல் பேடு, கனத்த காம்பவுண்ட், அப்புறம் அதன் தடத்தை அழிக்க மெல்லிய பாலிஷ். மெல்லிய பாலிஷிலேயே போயிருக்கக்கூடிய கோட்டுக்காக நாலைந்து மைக்ரான் வீணாகிறது. நகத்தை வைத்துத் தடவும்போது நகம் மாட்டும் கீறல் கிளியர் கோட்டின் ஆழத்துக்குப் போயிருக்கும். அதை பாலிஷில் எடுக்க முடியாது. எடுத்துக் காட்டுகிறேன் என்று இறங்காதீர்கள், முடியாது என்று எங்களிடம் சொல்லுங்கள்.

சோதனைக் கட்டத்தைத் துடைத்துவிட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எண்ணெய் எல்லாம் போய் உண்மை தெரியும். பிறகு வண்டியை வெயிலில் பாருங்கள், அல்லது எல்.இ.டி. விளக்கைப் பிடித்துப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பக்கத்தில் பெயின்டிங் ஷெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: சிலிகான் கலந்த பாலிஷின் தூசு காற்றில் போய்ப் பக்கத்துப் பேனலில் உட்கார்ந்தால், புதுப் பெயின்டில் மீன்கண் மாதிரிக் குழி விழும். ஏன் விழுகிறது என்று பெயின்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மெஷினுக்கு முந்தின வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அது அதிகம். சென்னை – அரக்கோணம் ரயில் பாதை நம் ஊரின் ஊடாகப் போகிறது. பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் உதிரும் இரும்புத் துகள் ஸ்டேஷன் பக்கம் நாள் முழுக்க நிற்கும் வண்டிகளில் விழுந்து பெயின்டில் ஊன்றிவிடும். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும், கறுப்பு வண்டியில் கைக்குத்தான் தெரியும், சொரசொரப்பாக. ஷாம்பு அதை எடுக்காது. இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறத்தில் வழியும், அதன் பிறகு கிளே பார் ஓட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மெஷினை வைத்தால் பேடு அந்தத் துகளைப் பிடுங்கி, வண்டி முழுக்க இழுத்துக்கொண்டு போகும். நீங்களே புதுக் கீறல் போட்டு நீங்களே எடுப்பீர்கள். அதேபோல போர் தண்ணீர். வாஷ் செய்த வண்டியை வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் புள்ளி பெயின்டைக் கடித்துவிடும். துடைத்துக் காய வையுங்கள். டயருக்கும் பானெட்டுக்கும் ஒரே துணி, ஒரே பக்கெட் என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். சிலந்தி வலை மாதிரி விழும் அந்த மெல்லிய வட்டக்கோடுகளில் பெரும்பகுதி வாட்டர் வாஷில்தான் பிறக்கிறது. ஒரு கையால் கீறல் போட்டு இன்னொரு கையால் அதை எடுக்கக் காசு வாங்குவது தொழில் தர்மம் ஆகாது.

மெஷின் பிடிக்கும் தம்பிகளே, இனி உங்களிடம். 6 அங்குலப் பேடு 2000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு ஒரு நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ரோட்டரியில் அந்த வேகம் முழுவதும் ஒரே திசையில் பெயின்டின் மேல் இறங்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் சூடேறும். டூயல் ஆக்‌ஷன் எனும் டி.ஏ. மெஷினில் பேடு சுற்றிக்கொண்டே ஆடுவதால் சூடு பரவும், தடமும் குறையும். கற்றுக்கொள்ளும் தம்பி கையில் முதலில் டி.ஏ.வைக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளிக்குச் சொல்கிறேன். டி.ஏ.யின் தகட்டு விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். சுற்றவில்லை என்றால் மெஷினைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள், அல்லது அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது பொய். பேடு நின்றுவிடும், வெறும் அதிர்வுதான் மிஞ்சும்.

பேடு தட்டையாக உட்கார வேண்டும். நாலைந்து பட்டாணி அளவு பாலிஷ் போதும். வெட்டும் பேடாக இருந்தால் மெதுவாக நகர்த்துங்கள், நொடிக்கு ஓரிரு அங்குலம். ஒரு ஓட்டத்தின் பாதி அகலத்தை அடுத்த ஓட்டம் மிதிக்க வேண்டும். இடம் வலமாக ஒரு தடவை, மேல் கீழாக ஒரு தடவை. ஒரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்தோ காற்றடித்தோ சுத்தம் செய்யுங்கள். எடுத்த பெயின்டும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அடுத்த கட்டத்தில் அதுவே கீறும். ஒரு வண்டிக்கு ஒரே பேடு என்றால் அது முதலாளியின் குற்றம், உங்களுடையதல்ல. தரையில் விழுந்த பேடைத் தட்டிவிட்டு மாட்டாதீர்கள். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு, மட்கார்டின் கோடு ஆகிய இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷின். பம்பரில் கூடுதல் கவனம் வேண்டும். இரும்புத் தகடு சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நொடி தாமதித்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

வெயிலில் நின்று வந்த பானெட்டில் கை வைக்க முடியவில்லை என்றால் பாலிஷையும் வைக்காதீர்கள். பாலிஷ் காய்ந்து தூளாகப் பறக்கும், அதில் உள்ள துகள் தன் வேலையை முடிக்காமலே நிற்கும். வண்டியை நிழலில் ஆறவிடுங்கள், காலை வேளையை மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அது நல்லது. காம்பவுண்ட் தூசுக்கு மாஸ்க் போடுங்கள், கழுத்துத் துண்டைக் கழற்றி வையுங்கள், வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். வாட்டர் வாஷ் ஈரத்தரையில் வெறுங்காலோடு கரன்ட் மெஷின் பிடிக்கும் தம்பிகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. முதலாளிகளே, எர்த்திங்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத ஷெட்டில் ஒரு பையனையும் மெஷின் பிடிக்க வைக்காதீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சின்ன வண்டிக்கே ஒழுங்காக ஒரு கை பாலிஷ் போட அரை நாள் வேண்டும். நாங்களோ இரண்டு மணி நேரத்தில் கேட்கிறோம், பக்கத்துக் கடையில் முந்நூறு குறைவு என்கிறோம். ஷெட் வாடகை ஏறுகிறது, பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க் திறந்த பிறகு இந்த ரோட்டில் வண்டியும் கூடியிருக்கிறது, போட்டியும் கூடியிருக்கிறது. வண்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பையன் அவசரப்படத்தான் செய்வான். இதெல்லாம் உண்மை. ஆனால் அவசரத்தின் விலையை நீங்கள் கொடுப்பதில்லை, அவனும் கொடுப்பதில்லை. மூன்று வருஷம் கழித்து கூரை உரியும்போது வண்டிக்காரன் கொடுக்கிறான், அதுவும் யாரைக் கேட்பது என்று தெரியாமல்.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை போடுங்கள், ஃபேக்டரியில் ஜாப் கார்டு போல. கூரை, பானெட், டிக்கி, நான்கு கதவு, நான்கு மட்கார்டு, இவ்வளவுக்கும் மெஷின் தொடுமுன் எவ்வளவு மைக்ரான், முடித்தபின் எவ்வளவு என்று எழுதுங்கள். என்ன பேடு, என்ன பாலிஷ், எந்தத் தேதி என்று இன்னொரு வரி. எங்கே தொடாமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கடைசி வரி. இரண்டு பிரதி, ஒன்று கடையில், ஒன்று வண்டியில் ஆர்.சி.யோடு. அடுத்த தடவை அந்த வண்டி உங்களிடம் வந்தாலும் சரி, வேறு கடைக்குப் போனாலும் சரி, மெஷின் பிடிப்பவனுக்கு இருப்பு எவ்வளவு என்று தெரியும். இந்தத் தடவை காம்பவுண்ட் வேண்டாம், வாஷும் வேக்ஸும் போதும் என்று சொல்ல உங்களுக்கே தைரியம் வரும். கேட்பவர்களுக்குக் காட்ட எண்ணும் இருக்கும். எல்லாக் கடையும் சேர்ந்து ஒரே மாதிரி அட்டை அச்சடித்தால் செலவு ஒன்றுமே இல்லை. மலிவாகத் தேய்க்கும் கடைக்கும் அளந்து தேய்க்கும் கடைக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

பதிலுக்கு வண்டி வைத்திருப்பவர்கள் சார்பில் நான் சொல்லக்கூடியது இது. அட்டை கொடுக்கும் கடைக்கு அரை நாள் நேரமும் அதற்கான கூலியும் கொடுப்போம். முன்கூட்டியே தேதி வாங்குவோம். "இது பாலிஷில் போகாது" என்று நீங்கள் சொன்னால் சண்டை போடாமல் கேட்டுக்கொள்வோம். அட்டை இல்லாத கடையில், எவ்வளவு மலிவாக இருந்தாலும், காம்பவுண்ட் போட வண்டியை விடமாட்டோம். என் தெருவில் உள்ளவர்களிடம் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போது மெஷினை பிளக்கில் சொருகுவதற்கு முன் கேஜை எடுத்து கூரையில் வையுங்கள். வரும் எண்ணை எழுதுங்கள். எழுதியதை வண்டிக்காரரிடம் காட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சேக்காட்டுவாசி